எந்தக் குடி என்று கேட்காத மென்பொருள்கள்: குடும்ப மர மென்பொருள்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குடும்ப ஒன்றுகூடல்கள் எமது ஊர்களில் அண்மைக்காலமாக ஒரு வழக்கமாகி வருகின்றன. பெருநாள் விடுமுறைக்குக் கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு மண்டபத்தை எடுக்கிறார்கள், சாப்பாட்டுக்குச் சொல்கிறார்கள், சுவரில் நீளமான ஒரு பெனரைத் தொங்கவிடுகிறார்கள். பெனரில் குடும்ப மரம். உச்சியில் ஒரு மூத்தவாப்பாவின் பெயர். அவருக்குப் பக்கத்தில் சில வேளை மனைவியின் பெயர் இருக்கும். சில வேளை வெறும் கோடு மட்டும் இருக்கும். வயதான பெண்கள் பெனருக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "எங்கட உம்மாட பக்கம் எங்க மனே?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பிள்ளைகள் சொல்லும் பதில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "கொம்பியூட்டர் இப்படித்தான் போடுது."

இந்தப் பதில் விமர்சனத்துக்குரியது. கொம்பியூட்டர் தானாக ஒன்றையும் போடுவதில்லை. அதற்குள் இருக்கும் மென்பொருள் ஒரு படிவம். படிவம் எதைக் கேட்கிறதோ அதற்கே நாம் விடை எழுதுகிறோம். கேட்காதது எழுதப்படுவதில்லை, எழுதப்படாதது ஒரு தலைமுறைக்குள் மறந்துபோகிறது. ஆகவே, ஒரு நூலை வாசித்து மதிப்பிடுவது போல இந்த மென்பொருள்களையும் வாசித்து மதிப்பிடவேண்டியிருக்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் கிராம்ப்ஸ், ரூட்ஸ்மெஜிக், பெமிலி ட்ரீ மேக்கர் ஆகிய மூன்றையும், இணையத்தில் இயங்கும் மைஹெரிடேஜ், பெமிலிசேர்ச் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விலையும் அழகும் இங்கே அளவுகோல்கள் அல்ல. எமது குடும்பங்கள் தம்மைப் பற்றித் தாமே கேட்டுவந்த கேள்விகளுக்கு இவை இடம் வைத்திருக்கின்றனவா என்பதே அளவுகோல்.

எமது கேள்விகள்

முதலாவது, குடி. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ஒருவர் தாயின் குடியைச் சேர்ந்தவர். தகப்பனின் குடி வேறு, பிள்ளையின் குடி வேறு. ஒரே குடிக்குள் மாப்பிள்ளை எடுப்பதைத் தவிர்த்து வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த காலம் இன்னும் ஞாபகத்தில் உண்டு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாகப் பேசியிருக்கிறார். இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தமது குடி எதுவென்று தெரியவருவது கலியாணம் பேசும்போதுதான். தெற்கிலும் மேற்கிலும் குடி இல்லை. ஆனால் அங்கும் வீட்டுப் பெயர்களும் பட்டப்பெயர்களும் உண்டு. கண்டிப் பிரதேச முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றுக்குச் சிங்களத்தில் வழங்கும் கெதரப் பெயர்களும் இந்த வகையினவே.

இரண்டாவது, பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. முன்னால் நிற்கும் எழுத்துக்கள் வாப்பாவினதும் அப்பாவினதும் பெயர்களின் முதலெழுத்துக்கள். அடுத்த தலைமுறையில் அவை மாறிவிடும். அண்ணன் தம்பி இருவருடைய பெயர்களிலும் எழுத்துக்கள் வெவ்வேறாக இருப்பதும் உண்டு.

மூன்றாவது, பால்குடி உறவு. ஸூரா அந்நிஸாவின் 23ஆம் வசனம் மணமுடிக்க விலக்கப்பட்டோரைச் சொல்லும்போது பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் சேர்த்தே சொல்கிறது. இந்த உறவால் சொத்துரிமை வராது, ஆனால் கலியாணத் தடை வரும். அதனால், ஆர் ஆருக்குப் பால் கொடுத்தார் என்பது எமது குடும்ப வரலாற்றில் கட்டாயம் பதியவேண்டிய ஒரு செய்தி.

நான்காவது, முறை. மாமாவின் மகனும் மாமியின் மகனும் மச்சான். சாச்சாவின் மகனும் சாச்சியின் மகனும் காக்கா அல்லது தம்பி. மேற்கே போனால் நானா. ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோரும் 'கசின்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மச்சானும் மச்சியும் மணமுடிப்பது சகஜமாக இருந்த எமது ஊர்களில் இந்த வேறுபாடுதான் குடும்பத்தின் அமைப்பையே தீர்மானித்தது.

ஐந்தாவது, காலம். ஆவணத்தில் ஹிஜ்ரித் திகதி இருக்கும். பேச்சிலோ திகதியே இராது: "57 வெள்ளத்துக்குப் பொறகு பொறந்தவள்", "சூறாவளிக்கு முந்தின வருஷம் மௌத்தானார்" என்றே சொல்வார்கள். சூறாவளி என்றால் கிழக்கில் அது 1978 நவம்பர்.

இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு மென்பொருள்களுக்குள் போவோம்.

பெமிலி ட்ரீ மேக்கர்

இந்த வரிசையில் வயதில் மூத்தது இது. 1989இல் பிறந்தது, பல நிறுவனங்களின் கைமாறி அன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் வந்தது. பார்வைக்கு ஒழுங்கானது, அச்சிட்டால் வரைபடங்கள் அழகாக வரும். பெனர் அடிக்கிறவர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. 'குடி' என்று ஒரு புதிய விபர வகையை உண்டாக்கிக்கொள்ளவும் இதில் வழி உண்டு.

ஆனால் இதன் பலம் முழுவதும் அன்செஸ்ட்ரியின் இணையக் களஞ்சியத்தோடு இணைவதில் இருக்கிறது. அந்தக் களஞ்சியத்தின் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பியக் குடிசன மதிப்பீடுகளும் தேவாலயப் பதிவுகளும் கப்பல் பயணிகளின் பட்டியல்களும். மருதமுனையில் பிறந்த ஒரு நெசவாளியின் தாயைத் தேடும் ஒருவருக்கு அங்கே கிடைப்பது மிகச் சொற்பம். கிடைக்காத பொருளுக்கு டொலரில் சந்தா கட்டுவது எதற்கு?

இதன் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2015 டிசம்பரில், இந்த மென்பொருளின் விற்பனையை நிறுத்தப்போவதாக அன்செஸ்ட்ரி அறிவித்தது. பல வருட உழைப்பை அதற்குள் போட்டு வைத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். 2016 பெப்ரவரியில் மெக்கியேவ் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டதால் அது பிழைத்தது. மோர்மன் சபை இலவசமாக வழங்கிவந்த பீ.ஏ.எஃப். என்ற மென்பொருளுக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடைக்கவில்லை. 2013இல் அது நிறுத்தப்பட்டது. மென்பொருளின் ஆயுள் எமது குடும்பங்களின் ஆயுளைவிடக் குறுகியது என்பதை வாங்குவதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரூட்ஸ்மெஜிக்

பழகுவதற்கு இலேசானது. பணம் கொடுத்து வாங்கும் முழு வடிவத்தோடு 'எசென்ஷல்ஸ்' என்ற இலவச வடிவமும் உண்டு. சாதாரண தேவைக்கு அதுவே போதும். தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கிறது. ஒருவருக்குப் பல பெயர்களைக் கொடுக்கலாம். ஆகவே, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயர், ஊர் அழைத்த பெயர், காணி உறுதியில் எழுத்துப் பிழையோடு இருக்கும் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே ஆளின் கீழ் வைக்கமுடியும். எமது மூத்தவர்களின் விடயத்தில் இது சின்ன வசதி அல்ல.

இதில் பாராட்டவேண்டிய இன்னொன்று, ஒவ்வொரு தகவலுக்கும் 'நிரூபிக்கப்பட்டது', 'சர்ச்சைக்குரியது', 'பொய்யெனக் காட்டப்பட்டது' என்று அடையாளமிடும் வசதி. ஒரு குடும்பக் கதையை அழிக்காமலும் அதை உண்மையென்று சாதிக்காமலும் வைத்திருக்க இது உதவுகிறது.

குடிக்கு இங்கேயும் நாமே ஒரு விபர வகையை உண்டாக்க வேண்டும். உண்டாக்கலாம். ஆனால் அதை ஒவ்வொரு ஆளுக்கும் கையால் எழுதவேண்டும். உம்மாவின் குடி பிள்ளைக்கு வரும் என்ற விதி மென்பொருளுக்குத் தெரியாது. தகப்பனின் கடைசிப் பெயர் பிள்ளைக்கு வரும் என்ற விதி மட்டும் இவ்வகை மென்பொருள்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்காமலே அதை நிரப்பித் தருவார்கள். எந்த உலகத்தை மனதில் வைத்து இவை எழுதப்பட்டன என்பதை இந்தச் சின்ன வேறுபாடே காட்டிவிடுகிறது.

கிராம்ப்ஸ்

2001இல் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் இலவச மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிரல் திறந்திருப்பதால் ஆரும் அதைத் திருத்தலாம், சேர்க்கலாம்.

எமது ஐந்து கேள்விகளுக்கும் ஓரளவேனும் இடம் வைத்திருப்பது இதுவே. பெயருக்கு அடியில், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறது: தகப்பன் பெயரா, தாய் பெயரா, தந்தைவழி வந்ததா, தாய்வழி வந்ததா, தொழிலால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று ஒரு பட்டியலே இருக்கிறது. 'ஓடாவி', 'லெப்பை' என்று வருபவற்றைத் தொழிலின் கீழும் வாப்பாவின் பெயரைத் தகப்பன் பெயராகவும் பிரித்து வைக்கலாம். பிள்ளைக்குக் கடைசிப் பெயரை ஊகித்து நிரப்பும் வேலையை அமைப்புக்குள் போய் 'வேண்டாம்' என்று நிறுத்தலாம். எமது ஆட்கள் முதலில் செய்யவேண்டிய வேலை அது.

இன்னும் முக்கியமானது, தாய்வழிப் பார்வை. ஒரு ஆளைத் தெரிவுசெய்து, உம்மா, உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று மேலே போகும் பட்டியலையும், ஒரு பெண்ணிலிருந்து மகள், மகளின் மகள் என்று கீழே வரும் பட்டியலையும் ஒரு சொடுக்கில் எடுக்கலாம். மேலைத்தேயத்தவர்கள் இதை மரபணு ஆராய்ச்சிக்காகச் செய்து வைத்தார்கள். எமக்கு அது குடிப் பட்டியல். எங்கட உம்மம்மாமார் வாயால் சொன்ன அதே வரிசை.

பால்குடி உறவுக்கு, இருவருக்கிடையே 'தொடர்பு' என்று ஒன்றைப் போட்டு, அது என்ன தொடர்பு என்பதை நமது சொல்லிலேயே எழுதலாம். வளர்ப்புப் பிள்ளை என்ற இடத்தில் அதைத் திணிக்கத் தேவையில்லை. திணிக்கவும் கூடாது, ஏனெனில் இரண்டின் சட்டமும் வேறு.

ஹிஜ்ரித் திகதியை ஹிஜ்ரித் திகதியாகவே ஏற்கிறது. 'முன்', 'பின்', 'ஏறக்குறைய', 'இடையில்' என்பனவற்றையும் ஏற்கிறது. "சூறாவளிக்கு முந்தின வருஷம்" என்பதை ஏறக்குறைய 1977 என்று போட்டு, சொன்னவரின் வார்த்தையைக் குறிப்பில் அப்படியே எழுதலாம். அந்த வார்த்தையை எழுதாமல் வருடத்தை மட்டும் எழுதுவது, சாட்சியைத் தள்ளிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது.

ஊரின் பெயரும் காலத்தோடு மாறும் என்பதை அறிந்த மென்பொருளும் இதுவே. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. 1940இல் சம்மாந்துறையில் பிறந்தவரை அம்பாறை மாவட்டத்தில் பிறந்தவர் என்று எழுதினால் அது வரலாற்றுப் பிழை. கிராம்ப்ஸில் ஓர் ஊர் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று காலத்தோடு குறிக்கலாம்.

மச்சானுக்கும் மச்சிக்கும் கலியாணம் முடிந்த குடும்பங்களை மரமாக வரைந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் வந்து நிற்பார். கிராம்ப்ஸின் உறவு வரைபடம் அவரை ஒரேயிடத்தில் வைத்துக் கோடுகளை அவரிடம் கொண்டுவந்து சேர்க்கும். பார்ப்பதற்கு அது மரமாக இராது; வலை போல இருக்கும். எமது குடும்பங்களும் அப்படித்தானே.

குறைகளையும் சொல்லவேண்டும். இது இலேசான மென்பொருள் அல்ல. ஒரு பிறப்பைப் பதிய ஆள், நிகழ்வு, மேற்கோள், மூலம், களஞ்சியம் என்று யன்னலுக்கு மேல் யன்னல் திறக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கு அது நல்லொழுக்கம். பெருநாள் விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு அது தலையிடி. முறை விடயத்தில் ஆங்கிலத்தில் இயங்கும்போது இதுவும் 'கசின்' என்றே சொல்கிறது. ஆனால் உறவு கணிக்கும் பகுதியை ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுத இதில் இடம் உண்டு. மச்சானையும் காக்காவையும் பிரித்தறியும் ஒரு தமிழ்ப் பகுதியை, அதிலும் எமது பேச்சு வழக்குக்கு ஏற்றதை, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளும் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் கூடியிருந்து எழுதலாம். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இடையில் நிற்கும் ஜெட்கொம்

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுபோகும் பொதுக் கோப்பு முறைக்கு ஜெட்கொம் என்று பெயர். 1984இல் மோர்மன் சபை உண்டாக்கியது, 7.0 என்ற பதிப்பு 2021இல் வந்தது. எல்லா மென்பொருளும் இதைப் பேசும். அதனால்தான் இதைக் கூர்ந்து வாசிக்க வேண்டும்.

இதற்குள் மோர்மன் சபையின் சடங்குகளுக்கென்றே தனிக் குறியீடுகள் இருக்கின்றன. கிறெகோரிய, ஜூலிய, யூத நாட்காட்டிகளும் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியும் இருக்கின்றன. பன்னிரண்டு வருடமே புழங்கிய பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிக்கு இடம் உண்டு, ஆயிரத்து நானூறு வருடமாகப் புழங்கும் ஹிஜ்ரிக்கு இல்லை. கிராம்ப்ஸில் நாம் பதிந்த ஹிஜ்ரித் திகதி இந்த வாசலைக் கடக்கும்போது ஒன்றில் ஆங்கிலத் திகதியாக மாறும், அல்லது வெறும் சொற்றொடராக எஞ்சும். பால்குடி உறவுக்கும் இங்கே தனி இடமில்லை.

'சாதி' என்பதற்கு ஒரு குறியீடு இருக்கிறது. குடியை அதற்குள் போட்டுவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது. சாதி என்பது தனக்குள்ளேயே மணமுடிக்கும் கூட்டம். குடியோ வெளியே மணமுடிக்கும் கூட்டம். ஒரு சொல்லைப் பிழையான கூட்டுக்குள் போட்டால், ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதை வாசிக்கும் ஆய்வாளர் அக்கரைப்பற்று முஸ்லிம்களிடம் இத்தனை சாதிகள் இருந்தன என்று எழுதுவார். 'விபரம்' என்ற பொதுக் குறியீட்டின் கீழ் வகை 'குடி' என்று எழுதுவதே நேர்மையானது.

ஆகவே ஜெட்கொம்மை மட்டும் நம்பிப் பாதுகாப்புப் பிரதி எடுப்பது போதாது. மென்பொருளின் சொந்தக் கோப்பையும் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கடுதாசியில் அச்சிட்டும் வைத்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். பெட்டகத்தில் இருந்த உறுதிகளும் கலியாணப் பதிவுகளும் அங்கேயே போயின. 2004 டிசம்பர் 26இல் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் கடல் கொண்டுபோனவற்றில் காகிதங்களும் உண்டு. ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், ஒரே கணினியில் வைப்பது எமது அனுபவத்துக்கு ஒவ்வாத காரியம்.

இணையத் தளங்கள்

மைஹெரிடேஜ் 2003இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட நிறுவனம். எமது வாசகர்களில் பலருக்கு இந்த ஒரு செய்தியே முடிவெடுக்கப் போதுமாக இருக்கும். அப்படி நினைக்காதவர்களும் அறிந்திருக்கவேண்டியது, 2017இல் ஒன்பது கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மறைகுறியாக்கிய கடவுச்சொற்களும் அங்கிருந்து வெளியே போயின என்பதை. அதற்குள் குடும்ப மரங்கள் இருக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. என்றாலும், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் தாயின் பெயரையும் முன்பின் தெரியாத ஒரு நாட்டுக் கணினியில் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது எமது கடமை.

பெமிலிசேர்ச் இலவசமானது. அதை நடத்துவது மோர்மன் சபை. அங்கே மரணித்தவர்களுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே மரம், ஆரும் திருத்தலாம். அந்தச் சபையினர் மரணித்தவர்களின் சார்பில் ஞானஸ்நானம் பெறுவதைத் தமது மார்க்கக் கடமையாகக் கொண்டவர்கள். அவர்கள் வம்சாவழி தேடுவதன் காரணமும் அதுவே. யூதப் படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களுக்கு இவ்வாறு செய்யப்பட்டதை யூத அமைப்புகள் எதிர்த்து, 1995இல் சபையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அவர்களது நம்பிக்கையை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. அவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த பதிவுகள் உலகத்துக்குப் பயன் தருபவை. தேடுவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மௌத்தான எமது மூத்தவர்களின் பெயர்களை அங்கே ஏற்றுவது வேறு விடயம். ஏற்றுபவர் அதன் பொருள் தெரிந்து ஏற்றவேண்டும்.

வெற்றுப் பெட்டியின் ஆசை

எல்லா மென்பொருளிலும் மேலே ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும்: 'தந்தையைச் சேர்க்க'. அதை நிரப்பும் ஆசை பொல்லாதது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அரபு வம்சத்தை நிலைநாட்ட ஒரு நூலே எழுதினார். அந்த விவாதத்தின் அரசியல் தேவை அன்று இருந்தது. ஆனால் அதன் நிழல் இன்றும் எமது குடும்ப மரங்களில் விழுகிறது. ஐந்து தலைமுறை வரை பெயர் தெரியும். அதற்கு மேலே ஒரே பாய்ச்சலில் யெமனுக்கோ பக்தாதுக்கோ போய்விடுகிறோம்.

நஸப் என்னும் வம்சாவழிக் கலையில் முஸ்லிம்களுக்குப் பெரும் பாரம்பரியம் உண்டு. இப்னுல் கல்பியும் பலாதுரியும் இப்னு ஹஸ்மும் அதில் பெருநூல்கள் எழுதியவர்கள். அதே பாரம்பரியத்தில் வந்த இப்னு கல்தூன், வம்சம் என்பது பெரும்பாலும் கற்பனை, அதன் பயன் அது உண்டாக்கும் இணக்கத்திலேயே இருக்கிறது என்ற கருத்தையும் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும். கிராம்ப்ஸில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் 'மிகக் குறைந்த' நம்பிக்கையிலிருந்து 'மிக உயர்ந்த' நம்பிக்கை வரை ஐந்து படிகள் இருக்கின்றன. அரபு நாட்டிலிருந்து வந்த மூத்தவாப்பாவை எழுத விரும்புபவர் எழுதட்டும். ஆர் சொன்னது என்பதையும் எழுதி, நம்பிக்கையின் படியையும் குறிக்கட்டும்.

பெண்களின் ஞாபகம்

எமது ஆவணங்களும் மென்பொருள்களைப் போலவே தந்தையின் பக்கம் சாய்ந்தவை. பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் தகப்பனுக்கு ஒரு கூடு உண்டு, தாயின் தாய்க்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழியையே கேட்டது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரும் என்பது 2003இன் திருத்தத்தோடுதான் வந்தது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கலியாணப் பதிவில் மணமகனின் கையொப்பத்தையும் பெண்ணின் பொறுப்பாளரான வலீயின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தகப்பன்மாரின் பெயரால் அழைக்கச் சொல்கிறது ஸூரா அல்அஹ்ஸாபின் 5ஆம் வசனம். அதில் எமக்கு மறுபேச்சில்லை. ஆனால் தகப்பனின் பெயரை எழுது என்பதற்கு, தாயின் பெயரை அழி என்று பொருளல்ல.

ஆக, குடி எது, ஆர் ஆருக்குப் பால் கொடுத்தது, எந்த மச்சி எந்த மச்சானுக்குப் பேசப்பட்டது என்பதெல்லாம் இன்று இருப்பது ஒரே இடத்தில்தான்: எண்பது வயதைத் தாண்டிய பெண்களின் ஞாபகத்தில். அவர்களில் ஒருவர் மௌத்தாகும்போது எந்த மென்பொருளாலும் மீட்கமுடியாத ஒரு பதிவேடு மூடப்படுகிறது.

ஆகவே ஒப்பீட்டின் முடிவு இது. பொறுமையும் ஆராய்ச்சி மனமும் உள்ளவர்கள் கிராம்ப்ஸை எடுங்கள். அது கடினமென்றால் ரூட்ஸ்மெஜிக்கின் இலவச வடிவம் போதும். 'குடி', 'வீட்டுப் பெயர்', 'பால்குடி' என்ற மூன்று வகைகளை முதல் நாளே உண்டாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெமிலி ட்ரீ மேக்கருக்கு எமது தேவையில் பணம் செலவழிக்கக் காரணமில்லை. இணையத் தளங்களைத் தேடப் பயன்படுத்துங்கள். உயிரோடு இருப்பவர்களை அங்கே ஏற்றாதீர்கள். ஊர்ப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சேர்ந்து செய்வதானால், தேசிய அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் போன்றவற்றைக் கேட்கவே வேண்டாம். வம்சத்துக்கு அவை தேவையில்லை. பிழையான கையில் சேர்ந்தால் ஆபத்து.

ஆனால் மென்பொருளை இறக்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவே போதும். உம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "உம்மாட உம்மாட பேர் என்ன? அவட குடி என்ன? அவ ஆருக்கெல்லாம் பால் குடுத்தா?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். விடைகளை எந்தப் பெட்டியில் போடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.